புதன்கிழமைக்கு ஒரு பதில் ஆள்

3 மார்ச் 1997, திங்கள்

ஷிரோக்கோ காற்று. ஆபிரிக்காவிலிருந்து கடல் தாண்டி வரும் மணல். பல்கனியில் காயப்போட்ட வெள்ளைத் துவாய்கள் எல்லாம் தேயிலைச் சாயம். திரும்பவும் தோய்க்க வேண்டும். சுகந்தி வேலையால் வருமுன் முடிக்க வேண்டும். வந்தால் "விடுங்கோ அப்பா" என்று பறித்துவிடுவாள்.

வாங்க: பாண், எலுமிச்சம்பழம், ரெலிபோன் காட்.

காலையில் மேல்மாடி செலெஸ்தே வந்தாள். கையில் கடதாசிக் கட்டு. "மயெஸ்த்ரோ, ஒருக்கா வாசிக்கிறன், கேளுங்கோ. விளங்காத இடத்திலை கையை உயர்த்துங்கோ." பலெர்மோவின் கால்சாப் பகுதியில் இந்தத் தெருவுக்கே நான் மயெஸ்த்ரோ. பள்ளிக்கூட வாத்தியார் என்று அர்த்தம். அவளும் நானும் ஆங்கிலத்தில் கதைப்பது. என் இத்தாலியன் கடைக்குப் போதும், சரித்திரத்துக்குப் போதாது. இங்கே எல்லாவற்றையும் எங்கள் பேச்சிலேயே எழுதி வைக்கிறேன்.

விஷயம் இதுதான். பல்கலைக்கழகத்தில் ஒரு நிரந்தர இடம். அடுத்த கிழமை புதன் காலை தேர்வுக் குழுவின் முன் விரிவுரை. யாரும் வந்திருந்து கேட்கலாம். கிடைத்தால் பலெர்மோவில் தாயோடு இருப்பாள். இல்லாவிட்டால் இங்கிலாந்தில் ஒரு கல்லூரி அழைத்திருக்கிறது, செப்டெம்பரில் பயணம்.

அவள் படித்தது ஆபிரிக்காவிலிருந்து வெளியே போன, கொண்டுபோகப்பட்ட பெண்களின் சரித்திரம். நானூறு வருடங்களுக்கு முன் இந்த ஊரில் விற்கப்பட்டவர்கள் தொடங்கி, இன்று பொலிதேயாமாப் பக்கப் பணக்கார வீடுகளில் வேலை செய்யும், மேற்கு ஆபிரிக்காவின் கேப் வெர்டேத் தீவுப் பெண்கள் வரை. அவளுடைய தாய் அர்லிந்தாவும் அவர்களில் ஒருவர்.

"பழைய காலத்து வீட்டுச் சாமான் பத்திரங்களிலை, மயெஸ்த்ரோ, செப்புப் பானைக்கும் மெத்தைக்கும் நடுவிலை ஒரு மனிசியை எழுதியிருப்பினம். பானை எங்கை முடியுது, மனிசி எங்கை தொடங்குறா எண்டு பாக்கிறதுதான் என்ரை வேலை."

கை உயர்த்த ஓர் இடமும் வரவில்லை. வகுப்பில் நான் படிப்பித்த போர்த்துக்கேயத் தளபதிகள் ஞாபகம் வந்தார்கள். கப்பலில் அவர்களுக்கு யார் சமைத்தது என்று பாடப்புத்தகத்தில் இல்லை.

இந்தப் பிள்ளை வந்த வழி லேசானதல்ல. வருடா வருடம் தற்காலிக வகுப்பு. ஒரு வாசகசாலையில் முதல் நாளே, கூட்ட வந்தவள் என்று நினைத்து, துடைப்பக் கட்டை இருக்கும் அறைத் திறப்பைக் கையில் கொடுத்தார்களாம். "வாங்கினன். அதுக்குள்ளை நல்ல வெளிச்சம், இருந்து வாசிச்சன்" என்கிறாள். இது சரித்திரமா, சமூக சேவையா என்று கேட்ட பெரியவர்களும் உண்டு. சிரித்துச் சிரித்துத்தான் சொல்வாள்.

போகும்போது சிரிக்கவில்லை. "இஞ்சத்தை எங்கடை பெண்டுகள் எல்லாரும் என்ரை ஆராய்ச்சிக்குத் தங்கடை கதையைக் கசற்றிலை கதைச்சிட்டினம். அம்மா மட்டும் இல்லை. நான் செய்தது நீ மறக்கிறதுக்கு எண்டுவா. சரி, கதைக்க வேண்டாம். புதன் வந்து ஒருக்கா இருந்து கேட்டால் போதும்."

"கேட்டுப் பாத்தனியோ?"

"கேட்டன். புதன் வேலை எண்டா."

துவாய் இரண்டாம் தரமும் மஞ்சள்தான்.

6 மார்ச், வியாழன்

காற்று நின்றது. முழங்கால் நோவு குறைவு.

வீட்டு வேலை செய்பவர்களுக்கு இந்த நாட்டில் வியாழன் பின்னேரமும் ஞாயிறும் ஓய்வு. அர்லிந்தா வழக்கம்போலத் தேத்தண்ணி குடிக்க வந்தார். எங்கள் இருவருக்கும் பொதுப் பாஷை அரைகுறை இத்தாலியன். அது முடியும் இடத்தில் வேறொன்று கை கொடுக்கும். உதாரணம்: நான் கதிரை என்றால் அவருக்கு விளங்கும். மேசை, அலுமாரி, சப்பாத்து, துவாய், பாண், எல்லாம் விளங்கும். அவர் தீவுக்கும் எங்கள் தீவுக்கும் ஒரே போர்த்துக்கேயக் கப்பல்காரர் வந்து விட்டுப்போன தளபாடம்.

கேட்டேன், மகளின் விரிவுரைக்கு ஏன் போகமாட்டேன் என்கிறீர்கள்?

"புதன் சிஞ்ஞோரா சீட்டு விளையாடுற நாள். சிநேகிதிமார் வருவினம்." சிஞ்ஞோரா என்பது அவர் வேலை செய்யும் வீட்டு அம்மா.

"அது பின்னேரம்தானே. விரிவுரை காலமை."

"காலமை வெள்ளிச் சாமான் ஆர் துடைக்கிறது? பேயோ?"

பிறகு பழைய கதை ஒன்று சொன்னார். செலெஸ்தே சின்னவளாக இருந்த காலத்தில் சிஞ்ஞோரா வீட்டிலேயே தங்கி வேலை. பிள்ளை வைத்திருக்க இடமில்லை. கன்னியாஸ்திரிகளின் விடுதியில் விட்டாராம். வியாழன் பின்னேரம் போய்ப் பார்ப்பது. கேப் வெர்டேப் பெண்கள் பலர் பிள்ளை வளர்த்தது அப்படித்தான். "அதுகளைத்தான் மேடையிலை சொல்லப் போறாள். நான் முன்னாலை இருந்து கேக்கவோ?"

போகப் பயமா, போக ஆசையா? இரண்டும் என்று முகம் சொன்னது.

இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருக்கு ஒரு நாள் முடியாவிட்டால் தன் இடத்துக்கு ஒரு பதில் ஆளை அனுப்ப வேண்டும். வீடு வெறுமையாக இருந்தால் வேலை போய்விடும். தமிழரும் அப்படி, அவர்களும் அப்படி. அர்லிந்தாவின் சிநேகிதிகள் எல்லோருக்கும் புதன் வேலை.

எனக்கு இல்லை. நான் நிற்கிறேன் என்று சொன்னேன்.

அர்லிந்தா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "நீங்களோ! ஆம்பிளை! மயெஸ்த்ரோ!" தமிழ் ஆண்கள் இந்த ஊரில் எத்தனை வீட்டில் கூட்டித் துடைக்கிறார்கள் என்றேன். "அவையள் பெடியள்" என்றார். உடனே எழுந்து சுகந்தியின் அலுமாரியில் இருந்து ஒரு தலையணை உறையை எடுத்து, அயன் பண்ணிக் காட்டச் சொன்னார். முதல் உறை பெயில். இரண்டாவது பாஸ், ஆனால் கரும்பலகை துடைக்கிற மாதிரித் தேய்க்கிறேனாம்.

அவர் சொன்ன விதிகள், மறக்காமல்:
பச்சைக் கதிரையில் இருக்கக் கூடாது (வீட்டுப் பெரியவர் இருந்தது, செத்துவிட்டார்).
யன்னல் தெருப்பக்கம் மட்டும்.
வெள்ளிச் சாமான் மென்துணியால்.
பத்து மணிக்குக் கோப்பி. சீனி போடாமல். ஆனால் சீனிப் போத்தல் பக்கத்தில்.
கேட்டால் மட்டும் கதை.

சிஞ்ஞோராவுக்குச் சொல்லும் காரணம்: டொக்டரிடம் போகிறார். மகள் படித்ததே அந்த வீட்டுக்குத் தெரியாதாம். ஏன் என்று நான் கேட்கவில்லை.

9 மார்ச், ஞாயிறு

கத்தோலிக்கக் கோயிலில் கேப் வெர்டேக்காரரின் பூசை முடிந்து வெளியே வர, எங்கள் தமிழ்ப் பூசைக்கு நாங்கள் உள்ளே போவது. வாசலில் அர்லிந்தா எல்லோர் முன்னாலும் எனக்கு அயன் பெட்டி பிடிப்பதுபோலக் கை காட்டிப் போனார். அதோடு எங்கள் தமிழருக்குள் கதை பரவிவிட்டது. நல்ல காலம், செலெஸ்தே அங்கே இல்லை.

எங்கள் ஆள் கிறகரி, தேத்தண்ணி மேசையடியில், எனக்குக் கேட்கத்தான்: "மாஸ்டர் காப்பிலிச்சிக்குப் பதில் ஆளா நிக்கப் போறாராம். வயசு போனால் புத்தியும்..."

"கிறகரி, போன கிழமை பஸ்ஸிலை உன்னைச் சீற்றாலை எழுப்பின கிழவன் உன்னை என்னெண்டு கூப்பிட்டவன்?"

"...துர்க்கோ எண்டு." துருக்கியன் என்று அர்த்தம், கறுத்தவர் எல்லாருக்கும் இங்கே அதே வசை.

"அவவையும் அப்பிடித்தான் கூப்பிடுவான். அவனுக்கு நீயும் அவவும் ஒண்டு. எனக்கும் ஒண்டுதான். ஆனா நான் மரியாதையாச் சொல்லுறன்."

எல்லோரும் சிரித்தார்கள். கிறகரியும் சிரித்தான், பிந்தி. பிறகு எனக்கு ஒரு வடை கொண்டுவந்து தந்தான்.

வீட்டில் சுகந்தி சிரிக்கவில்லை. "பள்ளிக்கூட அதிபரா இருந்த மனிசன், அப்பா. ஊரிலை ஆரும் கேள்விப்பட்டால்?"

"நீ செய்யிற வேலைதானே பிள்ளை. கூடாத வேலையெண்டால் உன்னையும் விடமாட்டன்."

குசினிக்குள் போனாள். கொஞ்சத்தில் பழைய பேப்பரும் வினாகிரியும் கொண்டுவந்து யன்னல் கண்ணாடி எப்படித் துடைப்பது என்று காட்டித் தந்தாள். மேலிருந்து கீழே, வட்டமாக அல்ல. அவள் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவ்வளவு கெதியாக வேலை செய்கிற கை.

மருமகன் ரவி ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் சாப்பாட்டுக் கடையில் வேலை முடித்து வந்து: "மாமா, கண்ணாடிச் சாமானிலை மட்டும் கை வையாதேங்கோ. மற்றதெல்லாம் உடையாது."

11 மார்ச், செவ்வாய்

மழை. படிக்கட்டு முழுக்க ஈரச் சப்பாத்து அடையாளம்.

செலெஸ்தே கடைசித் தரம் வாசித்துப் பார்த்தாள். நடுவில் நிறுத்தினாள். "எந்தப் பக்கம் பார்த்துக் கதைக்கிறது எண்டு தெரியேல்லை. குழுவைப் பார்த்தால் வரி தவறுது."

கடைசி வாங்கிலை ஒரு ஆளைத் தேடிப் பிடி என்றேன். படிப்பிக்கப் போன முதல் வருடம் நான் செய்தது அதுதான்.

"அம்மா வந்தால் அவவைப் பாப்பன். வரமாட்டா."

அவர் வருவதைச் சொல்லக் கூடாது என்று அர்லிந்தாவின் கட்டளை. காலையில் சிஞ்ஞோராவுக்கு இருமல் வந்தால்கூடத் திட்டம் போச்சு.

மாலையில் படியில் அர்லிந்தாவைக் கண்டு திரும்பவும் கேட்டேன், ஒரு சொல் சொல்லி வைத்தால் என்ன, பிள்ளைக்குத் தைரியமாக இருக்குமே.

பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "வாறன் எண்டு சொல்லி வராமல் விட்ட வியாழன்கள் கன இருக்கு, மயெஸ்த்ரோ. இவள் விடுதிக் கேற்றடியிலை இருட்டுமட்டும் நிண்டிருக்கிறாள். இனி வாறன் எண்டு சொல்லமாட்டன். வருவன், அவ்வளவுதான்."

வெள்ளைச் சேட்டு அயன் பண்ணியாச்சு. நானே.

12 மார்ச், புதன்

வெயில். பின்னேரம் எழுதுகிறேன். கோப்பி வாடை விரலை விட்டுப் போகவில்லை.

காலையில் சிஞ்ஞோரா கதவு திறந்தார். சின்ன உருவம், பெரிய மூக்குக் கண்ணாடி. என்னைத் தலையிலிருந்து சப்பாத்து வரை பார்த்தார். "ஆசிரியரோ?" என்றார். ஓம். "தூசி தட்டத் தெரியுமோ?" ஓம். பள்ளிக்கூடத்தில் சோக்குத் தூசிதானே கூட.

யன்னல் நன்றாக வந்தது. வெள்ளியும். பச்சைக் கதிரைப் பக்கமே போகவில்லை. பிறகு குசினி. அடுப்பில் கோப்பி போடும் அலுமினியக் கேத்தல், நடுவில் கழற்றிப் பூட்டுவது, மோக்கா என்பார்கள். கழற்றினால் உள்ளே கறுப்பாகக் கறை பிடித்திருக்கிறது. எங்கள் வீட்டில் தேத்தண்ணிதான், இந்தச் சாமான் இல்லை. பாவம், அர்லிந்தாவுக்குக் கண் மங்குகிறதாக்கும் என்று நினைத்தேன். கம்பிச் சுருள் எடுத்து, சவர்க்காரம் போட்டு, ஊரில் கறிச்சட்டி தேய்க்கும் தேய்ப்பு. பூசைப் பாத்திரம்போலப் பளபளத்தது. எனக்கே பெருமை.

பத்து மணிக்குக் கோப்பி. ஒரு வாய் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்து குசினிக்கு வந்தார். மோக்காவைத் திறந்து பார்த்து இரண்டு கன்னத்திலும் கை வைத்தார்.

"அதைக் கழுவினீங்களோ? சவர்க்காரம் போட்டோ?"

அதைத் தண்ணீரால் அலசுவது மட்டும்தானாம். உள்ளே இருப்பது அழுக்கில்லை, வருடக்கணக்கான கோப்பியின் ருசியாம். இது சிசிலியில் பிறந்த எவருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கேப் வெர்டேக்காரருக்கும் இருபது வருடத்தில் தேவையில்லாமல் போயிருக்கும். ஆகவே விதிகளில் வரவில்லை.

பேச்சு விழப்போகிறது என்று தலை குனிந்து நின்றேன். நிமிர்ந்தால் அந்த மனிசி அழுகிறார். மோக்காவுக்காக அல்ல.

"அர்லிந்தா ஒரு நாளும் டொக்டரிட்டைப் போனதில்லை. இப்ப போறா. மோக்கா தெரியாத ஒரு ஆளை அனுப்புறா. பெரிய வருத்தமோ? சாகப் போறாவோ? உண்மையைச் சொல்லுங்கோ."

என்ன செய்வது? பொய்யைக் காப்பாற்றினால் இந்தக் கிழவி இன்று முழுக்கச் சாவு வீடு கொண்டாடுவார். இருந்த இத்தாலியனை எல்லாம் கூட்டிச் சொன்னேன்: "வருத்தம் இல்லை. மகள். பல்கலைக்கழகம். மகள் கதைக்கிறாள், அம்மா கேட்கிறா."

"செலெஸ்தேயோ? லீவிலை வந்து என்ரை மேசைக்குக் கீழை இருந்து பிஸ்கற் தின்ற குட்டியோ?" முன்னறைக்குப் போய்க் கதிரையில் இருந்துவிட்டார். பச்சைக் கதிரையில். "எனக்கு ஏன் சொல்லேல்லை?"

ஒரு கோப்பை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு அடுத்த கேள்வி:

"எதைப் பற்றிக் கதைக்கிறாள்?"

"பலெர்மோ வீடுகளில் வேலை செய்த ஆபிரிக்கப் பெண்கள். பழைய காலம், இந்தக் காலம்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப நானும் அதிலை இருக்கிறன்."

"பேர் சொல்லமாட்டாள், சிஞ்ஞோரா."

"அது நல்லதோ, கூடாததோ?" என்றார். என்னைக் கேட்கவில்லை.

பிறகு எழுந்து வேலை சொன்னார். புது மோக்கா போலத்தான் இதுவும் இனி. கோப்பி போட்டு ஊற்ற வேண்டும், திரும்பப் போட்டு ஊற்ற வேண்டும், ருசி பிடிக்கும்வரை. காலை முழுக்க நாங்கள் இருவரும் குடிக்காத கோப்பி போட்டோம். ஒவ்வொன்று கொதிக்கும்போதும் செலெஸ்தே பற்றி ஒரு கேள்வி. எங்கே படித்தாள், கலியாணம் முடித்தாளா, கண்ணாடி போடுகிறாளா. தெரிந்ததைச் சொன்னேன். எத்தனை கோப்பி தொட்டியில் ஊற்றினோமோ, தெரியாது.

மதியத்துக்குப் பிறகு அர்லிந்தா வந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை, முத்துத் தோடு. சிஞ்ஞோரா வாசலில் நின்று, முகத்தை நேராக வைத்துக்கொண்டு: "டொக்டர் என்ன சொன்னவர்?"

அர்லிந்தா அவரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அடுப்பில் மினுங்கிய மோக்காவைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது.

"சுகமாம்."

"பிள்ளைக்கு?"

"பிள்ளைக்கும்."

சிஞ்ஞோரா அவருடைய கையைப் பிடித்தார். கொஞ்ச நேரம் விடவில்லை. நான் தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். பின்னால் குரல்: "அடுத்த முறையும் மயெஸ்த்ரோவை அனுப்பு. குசினிக்குள்ளை மட்டும் விடாதை!"

மாலையில் செலெஸ்தே இரண்டு படி ஒரே எட்டில் இறங்கி வந்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக. பேசத் தொடங்கி ஒரு பக்கம் முடியவில்லையாம், கடைசி வரிசையில் அம்மா. பிறகு ஒரு வரியும் தவறவில்லை. இரண்டாம் பக்கத்தைத் திருப்பிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் அம்மா நித்திரை.

"நித்திரையோ!"

"வாய் திறந்து, மயெஸ்த்ரோ! விடிய எழும்பி, கிழமை முழுக்க நிண்டு வேலை செய்யிற மனிசி. மெத்தைக் கதிரை, சூடான மண்டபம். அம்மா பகலிலை நித்திரை கொண்டு நான் என்ரை சீவியத்திலை கண்டதில்லை. எழுப்பிப்போடக் கூடாதெண்டு மெள்ளக் கதைச்சன். குழு நினைச்சிருக்கும், என்ன நிதானம் எண்டு."

அர்லிந்தா பின்னால் நின்று, வெட்கத்தோடு: "கண்ணை மூடிக் கேட்டனான்."

"என்ன கேட்டனீங்கள்?"

"உன்ரை குரல்."

17 மார்ச், திங்கள்

திரும்பவும் மேகம். ரவிக்குக் காய்ச்சல். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன்.

முடிவு வந்தது. செலெஸ்தேக்கு இல்லை. இரண்டாம் இடம். எடுத்தவர் ஸ்பானிய ஆளுநர்கள் பற்றி ஆராய்ந்தவர். "நல்ல மனிசன், நல்லா எழுதுவார், குறை சொல்லேலாது" என்கிறாள். எனக்குக் குறை சொல்ல ஆசை. திரும்பவும் ஆளுநர்கள்! தேத்தண்ணிக்குச் சீனி கூடப் போட்டுக் கொடுத்தேன்.

இங்கிலாந்தில் அவளுக்கு இந்தப் பாடமே முழுநேரம். கறுப்புப் பெண்களின் சரித்திரம் என்று கதவில் எழுதியிருக்குமாம். இங்கே கிடைத்திருந்தாலும் வருடத்தில் நாலு விரிவுரைதான். இதையெல்லாம் அவளே அடுக்கிச் சொன்னாள், நான் சொல்ல வேண்டியதை என்னிடமே. பிறகு மேசையில் தலையை வைத்தாள்.

"அம்மாவை விட்டுட்டுப் போறன், மயெஸ்த்ரோ. அவ என்னை விடுதியிலை விட்ட மாதிரி."

அதுவும் இதுவும் ஒன்றல்ல என்றேன். தலையைத் தடவினேன். சுகந்திக்குச் செய்வதுபோல.

மேலே அர்லிந்தாவின் நடை, முன்னும் பின்னும், வெகு நேரம்.

20 மார்ச், வியாழன்

வெயில். நேற்று சூசையப்பர் திருநாள். தெருவெல்லாம் பாண் சோடனை. எங்களுக்கும் ஒரு துண்டு வந்தது, மயில் வடிவம். உடைத்துத் தின்ன மனமில்லை.

துவாய் தோய்த்தாச்சு, வெள்ளையாகவே காய்ந்தது.

பின்னேரம் கதவு தட்டும் சத்தம். திறந்தால் அர்லிந்தா. கையில் தன் வீட்டுக் கதிரை ஒன்று. பின்னால் செலெஸ்தே, அவளுக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

"எங்கடை வீட்டிலை இருந்தால் நான் எழும்பி எழும்பி ஏதாவது துடைப்பன். இஞ்சை இருந்து கதைக்கிறன். உங்கடை வீடு அவ்வளவு துப்பரவில்லை, பாத்துக்கொண்டிருக்க ஏலும்."

"என்னத்தைக் கதைக்கிறது அம்மா?"

"உன்ரை மெசினைக் கொண்டு வா."

அர்லிந்தா என் மேசையடியில் கதிரையைப் போட்டு நேராக இருந்தார், படம் எடுப்பதற்கு இருப்பதுபோல. "அங்கை போயிருந்து வியாழன் வியாழன் போட்டுக் கேள். அண்டைக்கு மண்டபத்திலை நான் நித்திரை, நீ கதைச்சாய். இப்ப நான் கதைக்கிறன், நீ நித்திரை கொள்ளாதை."

பிள்ளை மேலே ஓடிப்போய்க் கசற் மெசினோடு வந்தாள். புதுக் கசற்றின் கண்ணாடித் தாள் அவள் நகத்துக்கு அகப்படவில்லை. நான் உரித்துக் கொடுத்தேன்.

"ஓடுதோ?"

"ஓம் அம்மா."

கீழே தெருவில் யாரோ மீன் விற்கிற குரல்; அதுவும் பதிந்திருக்கும். அர்லிந்தா இரண்டு கையையும் மடியில் வைத்தார்.

"நீ கேற்றடியிலை நிண்டாய், இருட்டும்வரைக்கும். அந்த வியாழன் நான் ஏன் வரேல்லை எண்டால்..."

எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினேன். குசினியில் இருந்து இதை எழுதுகிறேன். மூக்குக் கண்ணாடி உள்ளே மேசையிலேயே தங்கிவிட்டது. இருக்கட்டும். வரி கோணினாலும் பரவாயில்லை. தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்திருக்கிறேன், அவர்கள் கூப்பிடும்வரை கொதித்துக்கொண்டு கிடக்கட்டும்.